லை, லே: கிடப்பதும் கிடத்துவதும்

காய்ச்சலுக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்த ஒருவர், மறுநாள் அலுவலகத்துக்கு எழுதும் ஆங்கில மின்னஞ்சலில் ‘ஐ லைட் இன் பெட் ஆல் டே’ என்று எழுதிவிட்டால், நாள் முழுவதும் படுக்கையில் கிடந்ததாகச் சொல்ல வந்தவர், நாள் முழுவதும் படுக்கையில் இருந்தபடி பொய் சொன்னதாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார். விடுப்புக் கடிதத்தில் வரவே கூடாத வாக்கியம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதைத் திருத்த முன்வரும் நண்பர் ‘ஐ லெய்ட் இன் பெட்’ என்று மாற்றிக் கொடுப்பார், அதுவும் தவறு. ‘ஐ லே இன் பெட்’ என்பதே சரி. அப்படியானால் ‘லே’ என்பதுதான் படுப்பதற்கான சொல் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, ‘மருத்துவர் என்னைப் படுக்கச் சொன்னார்’ என்பதற்கு ‘தி டாக்டர் ஆஸ்க்டு மீ டு லே டவுன்’ என்று எழுதினால், அங்கே அது தவறாகி, ‘லை டவுன்’ என்பது சரியாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் குழப்பம் தரும் சொல் இணைகள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டல் குழப்பங்கள். ஒரு முறை மனப்பாடம் செய்துவிட்டால் தீர்ந்துவிடும். ‘லை’, ‘லே’ இணை அப்படிப்பட்டதல்ல. இது இலக்கணக் குழப்பம். கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் இரண்டும் அகராதியில் உள்ள சொற்களே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிப் பல தலைமுறைகள் ஆகின்றன. ஆயினும், தமிழில் ஒன்பதாம் பத்தாம் வகுப்பு வரை இலக்கணம் படித்த எவருக்கும் இந்த வேறுபாடு புதிதல்ல என்பதே என் கருத்து. தன்வினை, பிறவினை என்று நாம் படித்ததே ஆங்கில உடை உடுத்தி இங்கே நிற்கிறது.

எழுத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ‘லை’ என்பது எல்-ஐ-இ என்ற எழுத்துகளால் ஆனது. அதற்குக் கிட, படு, சாய்ந்திரு என்று பொருள். ‘லே’ என்பது எல்-ஏ-ஒய். அதற்குக் கிடத்து, படுக்க வை, பதி, பரப்பு, இடு என்று பொருள். கிட என்பது தன்வினை. குழந்தை தொட்டிலில் கிடக்கிறது என்னும்போது கிடக்கும் செயல் குழந்தையோடு முடிந்துவிடுகிறது. கிடத்து என்பது பிறவினை. தாய் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள் என்னும்போது செயலைச் செய்பவள் தாய், அதை ஏற்பது குழந்தை. முதல் வாக்கியத்தில் ‘தி பேபி லைஸ் இன் தி கிரேடில்’. இரண்டாவதில் ‘தி மதர் லேஸ் தி பேபி இன் தி கிரேடில்’. திருந்தினான், திருத்தினான் என்ற இணையையோ, உருண்டது, உருட்டினான் என்ற இணையையோ மாற்றிச் சொல்லும் தமிழ்க் குழந்தையை நான் இதுவரை கண்டதில்லை. ‘பந்து உருட்டியது’ என்று ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது. அந்தக் காது நமக்கு ஏற்கெனவே உண்டு. அதை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பி வைத்தால் போதும்.

ஆகவே முதல் சோதனை, நம் தமிழாசிரியர்கள் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே கேள்விதான். வினையை நோக்கி ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேட்க வேண்டும். வாக்கியத்தில் விடை இருந்தால் ‘லே’. விடை இல்லையென்றால் ‘லை’. ‘கொத்தனார் செங்கல் வைக்கிறார்’: எதை வைக்கிறார்? செங்கலை. எனவே ‘லேஸ் பிரிக்ஸ்’. ‘நாய் வாசலில் படுத்திருக்கிறது’: எதைப் படுத்திருக்கிறது என்ற கேள்வியே பொருளற்றது. எனவே ‘தி டாக் இஸ் லையிங் அட் தி டோர்’. இங்கே ‘லேயிங்’ என்று எழுதினால், நாய் எதையோ வாசலில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருக்கிறது என்றாகி, எதை வைக்கிறது என்று வாசிப்பவர் தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கேள்வியிலும் ஐயம் தீராத இடங்களில் எனக்குக் கைகொடுப்பது செயப்பாட்டுவினைச் சோதனை. தமிழில் ‘கிடத்தப்பட்டது’ என்று சொல்லலாம். ‘கிடக்கப்பட்டது’ என்று சொன்னால் நாக்கே மறுக்கிறது. செயப்படுபொருள் குன்றிய வினைக்குச் செயப்பாட்டுவினை வடிவம் கிடையாது என்ற விதி ஆங்கிலத்துக்கும் பொருந்தும். ஆகையால் ‘வாஸ்’, ‘வேர்’, ‘பீன்’ ஆகியவற்றுக்குப் பின்னால் செயப்பாட்டுப் பொருளில் வருவது எப்போதும் ‘லெய்ட்’ மட்டுமே. நம் ஊர்ச் சமுதாயக் கூடங்களிலும் பாலங்களிலும் பதித்திருக்கும் கல்வெட்டுகளைப் பாருங்கள். தமிழில் அடிக்கல் நாட்டியவர் என்றிருக்கும் இடத்தில், ஆங்கிலத்தில் ‘திஸ் ஃபவுண்டேஷன் ஸ்டோன் வாஸ் லெய்ட் பை’ என்று தொடங்கிப் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வரும். கல் தானாகக் கிடக்கவில்லை; ஒருவரால் நாட்டப்பட்டது. அந்த ஒரு தொடரை நினைவில் வைத்துக்கொண்டால் செயப்பாட்டுவினைப் பக்கம் பிழை வராது. லெய்ட் என்பதன் எழுத்துகள் எல்-ஏ-ஐ-டி என்பதையும் கல்வெட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ‘லே’ என்பதோடு ‘இ-டி’ சேர்த்து எழுதுவது பிழை.

சிக்கல் இறந்தகாலத்தில்

இதுவரை சொன்னதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்த இணை இவ்வளவு பெயர் கெட்டிருக்காது. ‘லை’ என்ற வினையின் இறந்தகால வடிவம் ‘லே’. அதாவது, கிடந்தான் என்பதற்கான சொல்லும் கிடத்து என்பதற்கான சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில், ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. விடுப்புக் கடிதத்தில் ‘ஐ லே இன் பெட்’ சரியானதும், மருத்துவர் கூற்றில் ‘டு லே டவுன்’ தவறானதும் இதனால்தான். முன்னது கிடந்தேன் என்னும் இறந்தகாலம். பின்னது படுக்க என்னும் எச்சப் பொருளில் வருவதால் அங்கே வினையின் அடிவடிவமான ‘லை’ வேண்டும்.

வடிவங்களை ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கிடப்பதற்கு: இன்று ‘லை’, நேற்று ‘லே’, ‘ஹேவ்’ அல்லது ‘ஹேட்’ என்பதற்குப் பின் ‘லெய்ன்’, தொடர்ந்து நடக்கும் செயலுக்கு ‘லையிங்’. கிடத்துவதற்கு: இன்று ‘லே’, நேற்று ‘லெய்ட்’, ‘ஹேவ்’ என்பதற்குப் பின்னும் ‘லெய்ட்’, தொடர்செயலுக்கு ‘லேயிங்’. இவற்றோடு ஒட்டுறவு இல்லாத மூன்றாவது சொல் ஒன்று, பொய் சொல்வதற்கான ‘லை’. அதன் இறந்தகாலம் எல்-ஐ-இ-டி என்று எழுதப்படும் ‘லைட்’. தமிழர் ஆங்கிலத்தில் நான் மிகுதியாகப் பார்ப்பது இந்த மூன்றாவது சொல்லின் இறந்தகாலத்தைப் படுப்பதற்குப் போட்டுவிடும் பிழையைத்தான். இறந்தகாலம் என்றால் இ-டி சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் பழகிய கை, யோசிக்கும் முன்பே அதை எழுதிவிடுகிறது.

எனவே ‘எதை?’ என்ற கேள்வியோடு ‘எப்போது?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ‘எதை?’ என்பதற்கு விடை இல்லை, காலம் நிகழ்காலம் என்றால் ‘லை’. விடை இல்லை, காலம் இறந்தகாலம் என்றால் ‘லே’. பாக் நீரிணை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இருக்கிறது என்று எழுத ‘தி பாக் ஸ்ட்ரெய்ட் லைஸ் பிட்வீன் இந்தியா அண்ட் ஸ்ரீலங்கா’ என்போம். நீரிணை இன்றும் அங்கேதான் இருக்கிறது. சங்ககாலக் காவிரிப்பூம்பட்டினம் காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்தது என்று எழுத வேண்டுமானால், அந்தப் பழைய துறைமுகம் இப்போது இல்லாததால், ‘காவிரிப்பூம்பட்டினம் லே அட் தி மௌத் ஆஃப் தி காவேரி’ என்று வரும். வரலாற்றுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில் ‘லெய்ட்’ போட்டுவிடுவதுண்டு. ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தண்டவாளம் பதிக்கப்பட்டு 1856இல் ரயில் ஓடியது என்பதை ஆங்கிலமாக்கும்போதுதான் ‘லெய்ட்’ வர வேண்டும், ஏனென்றால் தண்டவாளம் பதிக்கப்பட்டது. ஊர் இருந்தது, தண்டவாளம் பதிக்கப்பட்டது. தமிழிலேயே வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது.

‘டிட்’ வரும் இடத்தில் இன்னொரு சறுக்கல் உண்டு. ‘டிட்’ தானே இறந்தகாலத்தைச் சுமந்துவிடுவதால், அதன் பின்னால் வரும் வினை அடிவடிவத்தில்தான் இருக்க வேண்டும். ‘மத்தியானம் கொஞ்சம் படுத்தீர்களா?’ என்பதற்கு ‘டிட் யூ லை டவுன் ஃபார் எ வைல்?’ என்பதே சரி. படுத்தது இறந்தகாலம்தானே என்று ‘லே’ போடக்கூடாது.

தமிழ் மொழிபெயர்ப்பை நம்பும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘லே’ என்பதற்குத் தமிழில் எப்போதும் ‘கிடத்து’ என்றே வராது. கிடத்து என்பதை இன்றைய வழக்கில் குழந்தைக்கும் பிணத்துக்கும் நோயாளிக்கும் தவிர அதிகம் பயன்படுத்துவதில்லை. குழாயைப் பதிக்கிறோம், சாலையைப் போடுகிறோம், பாயை விரிக்கிறோம், செங்கல்லை அடுக்குகிறோம், விதியை வகுக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் ‘லே’ ஒன்றையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. அதுபோலவே ‘லை’ என்பது சில இடங்களில் படுத்திருக்கிறது ஆகும், சில இடங்களில் அமைந்துள்ளது ஆகும், ‘தி ப்ராப்ளம் லைஸ் இன் தி வயரிங்’ போன்ற இடங்களில் கோளாறு வயரிங்கில்தான் இருக்கிறது என்றாகும். தமிழ்ச் சொல் எதுவாக இருந்தாலும், ‘ஐ’ உருபு ஏற்கும் பெயர் ஒன்று அருகில் இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

கோழியும் பெருமாளும்

இரண்டு சொற்களும் ஒரே இடத்தில் சரியாக வந்து, பொருள் மட்டும் வேறாகும் இடம் கோழிப்பண்ணை. நாமக்கல் பக்கம் பண்ணைக்காரர்கள் முட்டைக்கோழியை ‘லேயர்’ என்றும் கறிக்கோழியை ‘பிராய்லர்’ என்றும்தான் சொல்வார்கள். லேயர் என்றால் இடுவது, அதாவது முட்டையிடுவது. ‘தி ஹென் இஸ் லேயிங்’ என்றால் கோழி முட்டையிடுகிறது. ‘தி ஹென் இஸ் லையிங்’ என்றால் கோழி படுத்திருக்கிறது, இன்னும் குறும்பாகப் படித்தால் கோழி பொய் சொல்கிறது. ‘எதை?’ என்ற கேள்விக்கு முதல் வாக்கியத்தில் வெளிப்படையான விடை இல்லையே என்று கேட்கலாம். முட்டை என்பது சொல்லாமலே விளங்குவதால் ஆங்கிலம் அதை விட்டுவிடுகிறது. நாமும் ‘கோழி இடத் தொடங்கிவிட்டதா?’ என்று முட்டையைச் சொல்லாமலே கேட்பதில்லையா? மேலே சொன்ன சோதனைக்கு அன்றாட ஆங்கிலத்தில் நான் கண்ட முக்கியமான விதிவிலக்கு இதுவே. பண்ணைக் கொட்டகையில் லேயர் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவருக்கு ‘லே’ என்பது எதையோ இடும் வினை என்பது தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிடத்தல் பக்கத்துக்கு அதைவிட நல்ல நினைவுக்குறி வைணவக் கோயில்களில் இருக்கிறது. பெருமாளின் கோலங்களை நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்றாகச் சொல்வது மரபு. திருவரங்கத்தில் அரங்கநாதர் கிடந்த திருக்கோலத்தில் இருக்கிறார். அவரை யாரும் கிடத்தவில்லை. அவர் தானே அரவணைமேல் பள்ளிகொண்டிருக்கிறார். ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரங்கநாதா லைஸ் ஆன் ஆதிசேஷா’. சுற்றுலாக் கையேடு ஒன்றில் இதே செய்தியை ‘லேஸ்’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து, பெருமாள் ஆதிசேடன்மீது எதைக் கொண்டுபோய் வைக்கிறார் என்று சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நின்ற, இருந்த, கிடந்த மூன்றும் தன்வினைகள். ஆங்கிலத்திலும் ‘ஸ்டாண்ட்’, ‘சிட்’, ‘லை’ மூன்றும் தன்வினைகள்.

‘சிட்’ என்றதும் சொல்ல வேண்டிய மற்றொன்று. தன்வினையின் உயிரொலியை மாற்றிப் பிறவினை செய்வது பழைய ஆங்கிலத்திலும் அதற்கு முந்தைய ஜெர்மானிய மொழிகளிலும் இயல்பான வழக்கமாக இருந்தது. ‘சிட்’ உட்கார், ‘செட்’ உட்கார வை, அதாவது நிலையாக வை. ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ வீழ்த்து, குறிப்பாக மரத்தை வெட்டி வீழ்த்து. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் ‘லை’யும் ‘லே’யும். நாம் சேர்ந்தான், சேர்த்தான் என்றும் வளர்ந்தது, வளர்த்தார் என்றும் மெல்லின எழுத்தை வல்லினமாக்கிச் செய்யும் வேலையை, அவர்கள் உயிரெழுத்தை மாற்றிச் செய்தார்கள். ‘ஃபால்’, ‘ஃபெல்’ இணையில் அதே பொறி மறுபடியும் இருப்பதைக் கவனிக்கலாம்: விழுந்தது என்பதும் ‘ஃபெல்’, வீழ்த்து என்பதும் ‘ஃபெல்’. ஆனால் மரம் வெட்டும் பேச்சு அன்றாடம் வராததால் அங்கே யாரும் தடுக்கி விழுவதில்லை. படுப்பது நாள்தோறும் நடப்பதால் இங்கே விழுகிறோம்.

ஆங்கிலேயர்களே இதில் தடுமாறுவதைக் கண்டு நாம் சிரிக்க வேண்டியதும் இல்லை. ‘கதவு திறந்தது’ என்றும் ‘கதவைத் திறந்தேன்’ என்றும் ஒரே வடிவத்தைத் தன்வினைக்கும் பிறவினைக்கும் நாமும் வைத்துக்கொண்டிருக்கிறோம். பேச்சில் ‘லே டவுன்’ என்பது ஆங்கில நாடுகளில் எங்கும் கேட்கக்கூடியது. திரைப்படங்களிலும் உடற்பயிற்சிக் காணொளிகளிலும் அது தாராளமாக வரும். பேச்சில் யாராவது அப்படிச் சொன்னால் திருத்தப் போக வேண்டாம். தேர்வுத்தாள், வேலை விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பது நல்லது.

தொடர்களாக உறைந்துபோனவை

சில தொடர்களில் பெரும்பாலும் எதுவும் யோசிக்க வேண்டியதில்லை, அப்படியே பழகிக்கொள்ளலாம். ஆட்குறைப்பு ‘லே ஆஃப்’. நிறுவனம் ஊழியர்களை நீக்குகிறது, எனவே ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்’. புறநகர்ச் சாலைகளில் விளம்பரப் பலகைகள் கூவும் ‘லேஅவுட்’, நிலத்தை மனைகளாகப் பிரித்துப் பரப்பியது. ஆயுதத்தைக் கீழே போடுவது ‘லே டவுன் ஆர்ம்ஸ்’. பழைய ஆங்கிலக் கல்லறைகளில் காணும் ‘ஹியர் லைஸ்’ என்பது, இறந்தவர் இங்கே கிடக்கிறார் என்பது. அதே மனிதரை அடக்கம் செய்த செயலைச் சொல்ல ‘லெய்ட் டு ரெஸ்ட்’ வரும். உறங்கும் நாயை எழுப்பாதே என்ற பொருளில் வரும் ஆங்கிலப் பழமொழி ‘லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை’ என்று முடியும், ஏனென்றால் நாய் தானே கிடக்கிறது. பதுங்கிக் காத்திருப்பது ‘லை இன் வெய்ட்’.

ஓரிடத்தில் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். ‘லை லோ’ என்றால் யார் கண்ணிலும் படாமல் அடங்கி இரு என்று பொருள். ‘லே லோ’ என்றால் வீழ்த்து. காய்ச்சல் ஒருவரை ஒரு வாரம் படுக்கையில் தள்ளிவிட்டது என்றால் ‘ஹி வாஸ் லெய்ட் லோ பை ஃபீவர்’. பிரச்சினை அடங்கும்வரை ஊரை விட்டு ஒதுங்கியிருந்தார் என்றால் ‘ஹி லே லோ’. இங்கே வருவது ‘லை’ என்பதன் இறந்தகாலம். நிலவரத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் தொடரைப் பிரிட்டனில் ‘தி லை ஆஃப் தி லேண்ட்’ என்றும் அமெரிக்காவில் ‘தி லே ஆஃப் தி லேண்ட்’ என்றும் சொல்வார்கள். அது பெயர்ச்சொல்லாகையால் நம் வினைச் சோதனை அங்கே செல்லாது. இரண்டில் எதையும் எழுதலாம்.

உறங்கும் முன் ஆங்கிலக் குழந்தைகள் சொல்லும் பிரார்த்தனை ஒன்று, 18ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கிவருவது, ‘நௌ ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்’ என்று தொடங்குகிறது. படுப்பதற்கு ‘லே’ வந்துவிட்டதே என்று சிலர் இதை எடுத்துக்காட்டி வாதிடுவார்கள். ‘மீ’ என்ற சொல்லைப் பாருங்கள்: யாரை? என்னை. என்னைக் கிடத்துகிறேன் என்று குழந்தை தன்னையே செயப்படுபொருளாக்கிக்கொள்வதால் அந்த வாக்கியம் பழுதற்றது. ‘மீ’யை எடுத்துவிட்டால் ‘ஐ லை டவுன்’ ஆகிவிடும்.

‘லெய்ன்’ என்ற வடிவத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘தி ஃபைல் ஹேஸ் லெய்ன் ஆன் ஹிஸ் டேபிள் ஃபார் மன்த்ஸ்’ என்றால் கோப்பு பல மாதங்களாக அவர் மேசையில் கிடக்கிறது. இது சரியான ஆங்கிலம். ஆனால் இன்று படிப்பவருக்குச் சற்று விறைப்பாகத் தோன்றலாம். நான் இந்த இடங்களில் ‘ஹேஸ் பீன் லையிங்’ என்று மாற்றிவிடுவேன். பொருள் கெடுவதில்லை, வாக்கியமும் இயல்பாக ஓடும்.

எழுதி முடித்த கட்டுரையை அனுப்பும் முன் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. கணினியில் கண்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தி, முதலில் ‘லேயிங்’ என்ற வடிவத்தைத் தேடுங்கள். என் அனுபவத்தில் பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் அகப்படும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முட்டையோ குழாயோ செங்கல்லோ, ஏதாவது ஒரு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்-ஒய்-ஐ-என்-ஜி என்று மாற்றிவிடுங்கள். அடுத்து ‘லெய்ட்’ தேடுங்கள்; வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, பதித்தார், வைத்தார், நாட்டப்பட்டது என்ற வகையில் வந்தால் விட்டுவிடுங்கள், கிடந்தார், இருந்தது என்று வந்தால் ‘லே’ ஆக்குங்கள். கடைசியாக எல்-ஐ-இ-டி தேடுங்கள். அந்த வாக்கியத்தில் யாரும் பொய் சொல்லவில்லையென்றால், அது அங்கே இருக்கக் கூடாது.